பண்புசார் ஆய்வும் ஆய்வேடும்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னைக் கல்லூரிகளில் சமூகவியல், சமூகப்பணி, இதழியல், மகளிரியல் ஆகிய துறைகளில் முதுகலை ஆய்வேடோ முனைவர் பட்ட ஆய்வோ செய்யும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே ஐயங்களோடு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிவரும் விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே உள்ளன. முதலில் அடிப்படையானவையும் பின்னால் சிக்கலானவையும் வருவதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

ஆய்வேட்டின் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும், அது எந்தப் பேச்சிலிருந்து, எந்தக் களக்குறிப்பிலிருந்து, எந்த நூலிலிருந்து வந்தது என்று ஆய்வாளரால் காட்ட முடிய வேண்டும். கீழே உள்ள விடைகள் எல்லாம் இந்த எதிர்பார்ப்பிலிருந்து பிறந்தவை.

பண்புசார் ஆய்வு என்றால் புள்ளிவிவரமே இருக்கக் கூடாதா?

தாராளமாக இருக்கலாம். எண்கள் இல்லாமை அதன் இலக்கணம் அன்று. எத்தனை பேர், எந்த அளவுக்கு என்று கேட்பது அளவுசார் ஆய்வு. ஒரு செயல் எப்படி நடக்கிறது, அதில் ஈடுபட்டவர்கள் அதற்கு என்ன பொருள் கொள்கிறார்கள், எந்தச் சூழ்நிலை அவர்களை அந்த முடிவுக்குக் கொண்டுவருகிறது என்று கேட்பது பண்புசார் ஆய்வு. நேர்காணல், உற்றுநோக்கல், குழுக் கலந்துரையாடல், நாட்குறிப்பு, கடிதம், அரசாணை ஆகியவை அதன் தரவுகள். களத்தின் பின்னணியைச் சொல்லும்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களைத் தருவதில் எந்தத் தவறும் இல்லை.

என் தலைப்புக்கு இந்த முறை ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆய்வு வினாவை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட பல குடும்பங்கள் பழைய மாமல்லபுரம் சாலையை அடுத்த கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டன. அங்கிருந்து நகருக்குள் வீட்டு வேலைக்கு வரும் பெண்களைப் பற்றி ஆராய விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் விடைகளிலும் இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். “குடிபெயர்ந்த பின் எத்தனை விழுக்காட்டுப் பெண்கள் வேலையை இழந்தார்கள்?” என்று எழுதினால் உங்களுக்குத் தேவை பரந்த கணக்கெடுப்பு. “தொலைவு கூடிய பின்னும் பழைய வீடுகளிலேயே வேலையைத் தொடர்வது என்ற முடிவை அவர்கள் எப்படி எடுக்கிறார்கள்?” என்று எழுதினால் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

நம் துறைகளில் பதிவாகும் தலைப்புகளில் “தாக்கம்” என்ற சொல் மிகுதியாக வருகிறது. ஒன்றின் மீது மற்றொன்றின் தாக்கம் என்று தலைப்பிட்டால், அதை அளந்து காட்டும் பொறுப்பு உங்கள் மேல் விழும். பதினைந்து நேர்காணல்களைக் கொண்டு தாக்கத்தை அளக்க முடியாது. தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள்.

கைடு கருதுகோள் கேட்கிறார். பண்புசார் ஆய்வில் அதற்கு என்ன எழுதுவது?

கருதுகோள் என்பது சோதித்துப் பார்ப்பதற்காக முன்கூட்டியே வைக்கும் கூற்று. கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள், அமெரிக்க மருத்துவமனைகளில் இறக்கும் நிலையிலிருந்த நோயாளிகளைச் சுற்றி நடப்பவற்றை ஆராய்ந்த அனுபவத்தைக் கொண்டு, கோட்பாடு தரவிலிருந்து எழ வேண்டும் என்று 1967-இல் வாதிட்டார்கள். தரவில் வேரூன்றிய கோட்பாடு என்று இன்று வழங்கும் முறை அங்கிருந்து தொடங்குகிறது. பண்புசார் ஆய்வுகள் எல்லாம் அந்த முறையைப் பின்பற்றுவதில்லை. ஆனாலும் கருதுகோளின் இடத்தில் ஆய்வு வினாக்களை வைப்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட வழக்கம்.

சில துறைகளின் ஆய்வுச் சுருக்கப் படிவத்தில் கருதுகோளுக்கென்றே ஓர் இடம் அச்சிட்டிருக்கும். அதை வெறுமனே விடாமல், “இவ்வாய்வு கருதுகோளைச் சோதிப்பதன்று, பின்வரும் வினாக்களுக்கு விடை தேடுகிறது” என்று எழுதி, மூன்று அல்லது நான்கு வினாக்களைத் தாருங்கள். உங்கள் மனத்தில் ஏற்கெனவே உள்ள எதிர்பார்ப்புகளையும் தனியே எழுதி நெறியாளரிடம் காட்டுங்கள். அவர் கருதுகோள் கேட்பதன் உட்பொருள் பெரும்பாலும் “எதைத் தேடப்போகிறாய் என்று உனக்குத் தெளிவாக இருக்கிறதா?” என்பதே.

எத்தனை பேரைப் பேட்டி எடுத்தால் போதும்? முப்பது பேராவது வேண்டும் என்கிறார்களே?

முப்பது என்ற எண் புள்ளியியலில் மாதிரிச் சராசரியைப் பற்றிய ஒரு நடைமுறை விதியிலிருந்து வந்து நம் துறைகளில் தங்கிவிட்டது. பண்புசார் ஆய்வில் அதற்கு இடமில்லை. இங்கே பார்க்க வேண்டியது தரவு நிறைவு. அடுத்தடுத்த நேர்காணல்களில் உங்கள் வினாவைப் பொறுத்தவரை புதிதாக எதுவும் வராமல், முன்பு கேட்டவையே திரும்ப வரத் தொடங்கும் நிலை அது. கானா, நைஜீரியா நாடுகளில் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான கட்டுரை ஒன்று, முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பாலான குறியீடுகள் (பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆய்வாளர் இடும் சிறு பெயர்கள்) கிடைத்துவிட்டதாகக் காட்டியது. அன்றிலிருந்து பன்னிரண்டு என்ற எண்ணை மந்திரம்போல் சொல்லிவருகிறார்கள். பங்கேற்றவர்கள் ஓரளவு ஒரே தன்மையினராகவும், எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே கேள்விகள் கேட்கப்பட்டதாகவும் இருந்தால்தான் அது பொருந்தும் என்று அக்கட்டுரையின் ஆசிரியர்களே சொல்லியிருப்பதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

எனவே கண்ணகி நகர் ஆய்வில் பெண்களோடு மட்டும் பேசுவதா, அவர்கள் வேலை செய்யும் வீட்டாரோடும் பேசுவதா என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை அமையும். ஆய்வேட்டில் எண்ணை மட்டும் எழுதாமல், கடைசி மூன்று நான்கு நேர்காணல்களில் புதிதாக என்ன வந்தது, என்ன வரவில்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள். தேர்வாளர் எதிர்பார்ப்பது அந்தப் பத்தியைத்தான்.

பேட்டியில் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

குறை பெரும்பாலும் கேள்வியில் இருக்கிறது. “பஸ்ஸில் போய்வருவது சிரமமாக இருக்கிறதா?” என்று கேட்டால் “ஆமாம்” என்பதைத் தவிர அவர் என்ன சொல்ல முடியும்? விடையை நீங்களே கேள்விக்குள் வைத்துவிட்டீர்கள். “நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து முதல் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை என்னென்ன நடந்தது, சொல்லுங்கக்கா” என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் பிடித்தது, பிள்ளைக்குச் சோறு கட்டியது, முதல் பேருந்தில் ஏற முடியாமல் நின்றது, தாமதமானதற்கு வீட்டம்மா சொன்னது என்று ஒவ்வொன்றாக வரும். பொதுக் கருத்தைக் கேட்பதைவிடக் குறிப்பிட்ட ஒரு நாளைக் கேட்பது எப்போதும் கூடுதலாகத் தரும்.

அவர் நிறுத்தும்போது உடனே அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். சற்றுப் பொறுங்கள், “அப்புறம்?” என்ற ஒரு சொல் போதும். நேரமும் இடமும் முக்கியம். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கையில் வேலை, கூலி பற்றிய பேச்சு ஒரு விதமாகவும், தனியே இருக்கையில் வேறு விதமாகவும் வரும். யார் உடனிருந்தார்கள் என்பதைக் களக்குறிப்பில் எழுதிவைப்பது கட்டாயம். முதல் இரண்டு நேர்காணல்களை வெள்ளோட்டமாகக் கொண்டு, கேள்வித்தாளை அதன்பின் திருத்துங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்டாலே பயப்படுகிறார்கள்.

அவர்கள் பயப்படுவது நியாயம். குடியிருந்த வீடு இடிக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்குக் கையெழுத்து என்பது சாதாரணச் செயல் அன்று. ஒப்புதல் என்பது காகிதம் அன்று, ஒரு புரிதல். நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எதற்காகக் கேட்கிறீர்கள், ஒலிப்பதிவை யார் கேட்பார்கள், இதனால் அவருக்கு வீடோ உதவித்தொகையோ கிடைக்கப்போவதில்லை, எந்தக் கேள்விக்கும் விடை சொல்லாமல் இருக்கலாம், பிறகு மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம் என்பவற்றை அவருடைய பேச்சுமொழியில் சொல்லி, அவர் சம்மதிப்பதை ஒலிப்பதிவாக வைத்துக்கொள்ளலாம். இதற்கு உங்கள் நிறுவனத்தின் அறநெறிக் குழுவிடம் முன்னதாகவே இசைவு பெற்றுவிடுங்கள்.

பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. “செல்வி (புனைபெயர்), சீட்டுப் பிடிப்பவர், மாற்றுத்திறனாளி மகனுடன் வசிப்பவர், சங்கத்தில் பொறுப்பில் உள்ளவர்” என்று எழுதினால் அந்தக் குடியிருப்பில் உள்ள எவரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். உங்கள் வாதத்துக்குத் தேவையில்லாத விவரங்களை விட்டுவிடுங்கள் அல்லது பொதுமைப்படுத்துங்கள். ஊர்ப்பெயரையே மறைத்த ஆய்வுகளும் உண்டு. தஞ்சாவூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் களப்பணி செய்து 1965-இல் நூலாக வெளியிட்ட சமூகவியலாளர் ஆந்திரே பெத்தேய், அவ்வூருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டார்.

பேட்டி தமிழில், தீசிஸ் ஆங்கிலத்தில். எந்தக் கட்டத்தில் மொழிபெயர்க்க வேண்டும்?

முடிந்தவரை கடைசியில். ஒலிப்பதிவை நேராக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும் வழக்கம் நம் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் பகுப்பாய்வு தொடங்கும் முன்பே, என்ன சொன்னார் என்பதன் இடத்தை நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள் என்பது பிடித்துவிடுகிறது. பிறகு திரும்பிப் போக வழியில்லை. பேச்சை அப்படியே தமிழில் எழுத்துப்படியாக்குங்கள். சென்னைப் பேச்சை எழுத்துத் தமிழாகத் “திருத்த” வேண்டாம். குறியிடுவதையும் தமிழ் எழுத்துப்படியின் மேலேயே செய்யுங்கள். ஆய்வேட்டில் மேற்கோளாக வரும் பகுதிகளை மட்டும் இறுதியில் மொழிபெயர்த்து, மூலத்தைப் பின்னிணைப்பில் தாருங்கள்.

மொழிபெயர்த்தவர் யார் என்பதை ஆய்வுமுறை இயலில் குறிப்பிட வேண்டும். முக்கியமான மேற்கோள்களையாவது இரு மொழியும் அறிந்த மற்றொருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவை எழுத்தாக்க மென்பொருள் பயன்படுத்தலாமா?

முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் பேருந்து இரைச்சலும் குழந்தையின் அழுகையும் கலந்த பதிவில் அது தடுமாறும். வரிக்கு வரி ஒலியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். பங்கேற்றவரின் குரலை யாருடையது என்றே தெரியாத இணையதளத்தில் ஏற்றுவது நீங்கள் கொடுத்த வாக்கை மீறுவதாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். அந்த உழைப்பில்தான் தரவு மனத்தில் பதிகிறது.

பதிவுகளையும் குறிப்புகளையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மைசூர் அருகே ராம்புரா என்ற கிராமத்தில் 1948-இல் களப்பணி செய்த சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ், பல ஆண்டுகள் வகைப்படுத்தித் தொகுத்த குறிப்புகளை, படிகளோடு சேர்த்து, 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் இழந்தார். பின்னர் நினைவிலிருந்தே எழுதி 1976-இல் நூலை வெளியிட்டார். அந்த நினைவாற்றல் எல்லோருக்கும் வாய்க்காது.

கோடிங், கோடிங் என்கிறார்கள். உட்கார்ந்து என்னதான் செய்வது?

ஓர் எழுத்துப்படியை எடுத்துக்கொள்வோம். பயிற்சிக்காக நானே எழுதிய பகுதி இது: “அந்தம்மா நல்லவங்கதான். பொங்கலுக்குப் பொடவ எடுத்துக் குடுப்பாங்க. சாவிகூட என்கிட்டதான் இருக்கு. டம்ளர் மட்டும் எனக்குத் தனியா வச்சிருப்பாங்க, அது பரவால்ல.” மாணவர்கள் பெரும்பாலும் இதன் ஓரத்தில் “முதலாளி–தொழிலாளி உறவு” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது நாட்டில் உள்ள எந்த வேலைக்கும் பொருந்தும். இந்த நான்கு வரிகளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. “புடவை: கூலிக்கு வெளியே கொடை”, “சாவி: நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டுதல்”, “தனி டம்ளர்: விலக்கைச் சொல்லி உடனே ஆற்றிக்கொள்ளுதல்” என்று எழுதினால் குறியீடு தரவோடு ஒட்டியிருக்கும். சாவியும் தனி டம்ளரும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வருவது ஏன் என்ற கேள்வி அப்போதுதான் எழும். அந்தக் கேள்வியை நாளிட்டு ஒரு குறிப்பாக எழுதிவையுங்கள். ஆய்வேட்டின் நல்ல பக்கங்கள் பெரும்பாலும் இத்தகைய குறிப்புகளிலிருந்தே வருகின்றன.

இதற்கு மென்பொருள் கட்டாயமில்லை. என்விவோ, அட்லஸ்.டிஐ போன்றவை விலை கூடியவை, டகெட் இலவசம். பத்துப் பதினைந்து நேர்காணல்களுக்கு எக்செல் தாளோ, அச்சுப்படியும் வண்ணப் பேனாக்களுமோ போதும். மென்பொருள் தேடித் தரும், அடுக்கித் தரும். டம்ளரைக் கவனிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

நான் எழுதிய தீம்களைப் பார்த்து “இவை வெறும் தலைப்புகள்” என்கிறார் நெறியாளர். என்ன வேறுபாடு?

“பொருளாதாரச் சிக்கல்கள்”, “குடும்பச் சூழல்”, “பயணம்” என்பவை பேசப்பட்ட விஷயங்கள். இவற்றை உங்கள் கேள்வித்தாளிலிருந்தே எடுத்திருக்க முடியும்; களத்துக்குப் போயிருக்க வேண்டியதில்லை. கருப்பொருள் (தீம்) என்பது தரவைப் பற்றி நீங்கள் முன்வைக்கும் கூற்று. “பழைய வீட்டில் சம்பாதித்த நம்பிக்கையைப் புதிய வீட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது என்பதால் தொலைவைப் பொறுத்துக்கொள்கிறார்கள்” என்று வினைமுற்றோடு எழுத முடிந்தால் அது கருப்பொருள். மேலே பார்த்த சாவி அதற்கு ஒரு சான்றாகும்.

கருப்பொருள்களைக் கண்டெடுக்கும் பகுப்பாய்வு முறையைப் பற்றிப் பிரான், கிளார்க் இருவரும் 2006-இல் எழுதிய கட்டுரையில் உள்ள ஆறு படிநிலைகளை நம் ஆய்வேடுகள் தவறாமல் மேற்கோள் காட்டுகின்றன. அதே கட்டுரை, கருப்பொருள்கள் தரவுக்குள் காத்திருந்து தாமாக வெளிப்படுவதில்லை, ஆய்வாளர்தான் அவற்றை உருவாக்குகிறார் என்றும் வலியுறுத்துகிறது. எனவே “நான்கு கருப்பொருள்கள் வெளிப்பட்டன” என்று எழுதாமல், எவற்றைச் சேர்த்தீர்கள், எதை ஏன் கைவிட்டீர்கள் என்று எழுதுங்கள்.

நானும் அதே பகுதியைச் சேர்ந்தவள். என் ஆய்வு ஒருதலைப்பட்சம் ஆகிவிடாதா?

வெளியிலிருந்து வருபவரும் ஏதோ ஓர் இடத்தில் நின்றுதான் பார்க்கிறார். அவரிடம் மட்டும் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மேலே குறிப்பிட்ட பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கிக் களப்பணி செய்தவர். அங்கே தங்கியதால் சேரி மக்களோடு தடையின்றிப் பழக முடியாமல் போனதை அவரே பதிவு செய்திருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், கிராமங்களை ஆராய்வதற்குத் தம் மாணவர்களை அவர்கள் நன்கறிந்த ஊர்களுக்கே அனுப்பினார். 1918-இல் வெளியான அந்த ஆய்வில் இடம்பெற்ற கிராமங்கள் பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டிருக்கின்றன.

அந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்பது உங்கள் ஆய்வுக்குக் குறையுமல்ல, தகுதியுமல்ல. அது எந்தக் கதவைத் திறந்தது, எதை மூடியது என்று எழுதுவதே உங்கள் கடமை. “உனக்குத் தெரியாததா?” என்று சொல்லி அவர்கள் விளக்காமல் விட்ட இடங்கள் இருக்கும். அங்கெல்லாம் தெரிந்ததாக வைத்துக்கொள்ளாமல், “தெரியும், ஆனாலும் நீங்க சொல்லி நான் எழுதணும்” என்று கேட்டு வாங்குங்கள்.

முன்னாய்வு இயல் முழுவதும் “இவர் சொல்கிறார், அவர் சொல்கிறார்” என்றே போகிறது. எப்படி மாற்றுவது?

முந்தைய ஆய்வுகளைச் சொல்லும் இந்த இயலை நூலாசிரியர் வரிசையில் எழுதுவதை விட்டு, கேள்வி வரிசையில் எழுதுங்கள். மறுகுடியமர்வு வேலையை எப்படிப் பாதிக்கிறது என்பதில் யார் யார் ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், யாரும் தொடாதது எது என்று ஒரு பத்தி அமைந்தால், உங்கள் ஆய்வு நிற்கும் இடம் தானே தெரியும். இந்திய ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா தளம் பெருந்துணை. அதோடு நிற்காமல் அடையாற்றில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவன நூலகம், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் ஆகியவற்றுக்கு நேரில் செல்லுங்கள். நகரத்தைப் பற்றிய பழைய அறிக்கைகளையும் இதழ்களையும் இணையத்தில் மட்டும் தேடுபவர் பாதியைத் தவறவிடுவார்.

ஒப்புமை விழுக்காடு பத்துக்குக் கீழே வந்தால் பிரச்சினை இல்லைதானே?

ஒப்புமை விழுக்காடு என்பது உங்கள் ஆய்வேட்டில் எவ்வளவு பகுதி பிறர் எழுத்தோடு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டும் அளவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாக மேற்கோளிட்ட பகுதி, துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை போன்றவை கணக்கில் சேராது.

ஆனால் மென்பொருள் பார்ப்பது சொற்களின் ஒற்றுமையை மட்டும்தான். பிறர் கருத்தை ஒவ்வொரு சொல்லாக மாற்றி எழுதினாலும், ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கித் தன் பெயரில் வைத்தாலும் விழுக்காடு குறையும், திருட்டு குறையாது. பத்தியைப் படித்து, நூலை மூடி, புரிந்ததை உங்கள் நடையில் எழுதி, பிறகு நூலைத் திறந்து ஒப்பிட்டு, பக்க எண்ணோடு சான்று காட்டுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுவே என் விடை. அவை தரும் துணைநூற்பட்டியலில், உண்மையில் யாரும் எழுதாத கட்டுரைகளும் இருப்பதாகக் காட்டப்படுவது உண்டு. நேரில் படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஆய்வேட்டில் ‘நான்’ என்று எழுதலாமா?

ஆய்வுமுறை இயலில் எழுதலாம் என்பதே என் கருத்து. பேசியது, உடனிருந்தது, முடிவெடுத்தது எல்லாம் நீங்கள்தான். உங்கள் துறை “ஆய்வாளர்” என்றே எழுதச் சொன்னால் அதற்கு இணங்குங்கள். ஆனால் “உணரப்பட்டது”, “காணப்பட்டது” என்று செய்தவரே இல்லாத வாக்கியங்களில் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

வைவாவில் “பதினைந்து பேரை வைத்து எல்லோருக்கும் பொதுவாக எப்படிச் சொல்ல முடியும்?” என்று கேட்டால்?

எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லவில்லை என்பதே நேர்மையான விடை. லிங்கன், கூபா என்ற ஆய்வுமுறை அறிஞர்கள் இருவரும் 1985-இல் பண்புசார் ஆய்வுக்கென நான்கு அளவுகோல்களை முன்வைத்தார்கள்: நம்பகத்தன்மை, பிற சூழலுக்குப் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு, சார்ந்திருக்கத்தக்க தன்மை, உறுதிப்படுத்தத்தக்க தன்மை. கண்ணகி நகரைப் போன்ற மற்றொரு மறுகுடியமர்வுப் பகுதியான பெரும்பாக்கத்தை ஆராயும் ஒருவர் உங்கள் ஆய்வேட்டைப் படித்து, எது அங்கும் பொருந்தும் என்று தாமே முடிவெடுக்கும் அளவுக்குக் களத்தை விரிவாக எழுதியிருக்கிறீர்களா என்பதுதான் இரண்டாவது அளவுகோல். கடைசி இரண்டுக்கும் விடை, மேலே சொன்ன நாளிட்ட குறிப்புகளும் தமிழ் எழுத்துப்படிகளும். அவற்றை வாய்மொழித் தேர்வு நாளில் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஒரே ஒரு பேட்டி மட்டும் என் வாதத்துக்கு நேர் எதிராக இருக்கிறது. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. பதினான்கு பெண்கள் நம்பிக்கைக்காகப் பழைய வீட்டைத் தொடர்கையில், ஒருவர் குடிபெயர்ந்த மறுமாதமே அதை விட்டுவிட்டு அருகிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை தேடிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எப்படி வேறுபடுகிறார் என்று அவருடைய எழுத்துப்படியை மீண்டும் படியுங்கள். சாவி ஒருபோதும் அவர் கையில் இருந்ததில்லை என்று தெரியவந்தால், அவர் உங்கள் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறார். அப்படி எந்த விளக்கமும் கிடைக்காவிட்டால், பதினான்கு பேருக்குச் சொன்னதையே தளர்த்தி எழுத வேண்டியிருக்கும். எப்படியானாலும் அவருக்கு ஆய்வேட்டின் உடலிலேயே, அவருடைய சொற்களோடு, ஒரு முழுப் பத்தி கொடுங்கள். அடிக்குறிப்புக்குத் தள்ள வேண்டாம்.